அழிக்கிற செலவு யார் கணக்கில்?

பி.காம் படிக்கிற பயலுக்கு மைக்ரோகன்ட்ரோலர் பத்திப் பேச என்ன யோக்கியதை என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு யோக்கியதையும் கிடையாது. சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தால் விரலைச் சுட்டுக்கொள்கிற ரகம் நான். ஆனால் தேய்மானம் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு. பதினொன்றாம் வகுப்பில் ஆரம்பித்து இன்று வரை அதைத்தான் மண்டையில் ஏற்றுகிறார்கள். நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை, இத்யாதி இத்யாதி. ஒரு பொருள் தேய்கிறது என்றால் அதை யாராவது, எங்காவது, செலவாக எழுதியாக வேண்டும். எழுதவில்லை என்றால் அந்தக் கணக்கு பொய்க்கணக்கு. என்னிடம் இருக்கிற மூலதனம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டுதான் சண்டைக்கு வந்திருக்கிறேன்.

சண்டை யாரோடு? ஃபிளாஷ் மெமரியில் கண்டபடி எழுதித் தள்ளுகிற ஃபர்ம்வேர்காரர்களோடும், அது தேயும் என்கிற விஷயத்தை வாங்குகிறவனிடம் மூச்சு விடாமல் பொருளை விற்கிற கம்பெனிகளோடும்.

விஷயம் ஆரம்பித்தது சித்தப்பாவின் மளிகைக்கடையில். கடையில் ஒரு எலெக்ட்ரானிக் எடை மெஷின். 6,500 ரூபாய். ஒரு வருஷ வாரண்டி. பதினாலாவது மாசம் ஒரு நாள் காலையில் கடை திறந்து சுவிட்சைப் போட்டால் ஏதோ எர்ரர் என்று காட்டுகிறது. ஒரு கிலோ படிக்கல்லை வைத்தால் 1.140 என்கிறது. சர்வீஸ்காரர் வந்தார், மறுபடியும் அளவு சரிசெய்தார், போனார். மூணே நாளில் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி வந்தார். மூணாவது தடவை, "அண்ணாச்சி, போர்டு போயிடுச்சு. மாத்திரணும், 2,600 ஆகும்" என்றார். வாரண்டி முடிந்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. சித்தப்பா வழக்கம்போல விதியை நொந்துகொண்டு பணத்தை எடுத்து வைத்தார். மெஷினைத் திறந்ததால் முத்திரை போச்சு, அதற்கு மறுபடி முத்திரை ஆய்வாளர் அலுவலகத்துக்கு அலைச்சல். அந்த இரண்டு வாரம் பக்கத்துக் கடைத் தராசில் ஓடியது வியாபாரம்.

பழைய போர்டை மட்டும் கேட்டு வாங்கி வைத்தேன். என் பெரியப்பா மகன் ஈ.சி.ஈ டிப்ளமா முடித்து சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் போர்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கிண்ணம் வச்சு டேர் பட்டன் அமுக்குவீங்கள்ல, மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அந்த எடையை மறந்துடுமா, ஞாபகம் வச்சிருக்குமா?"

ஞாபகம் வைத்திருக்கும். எனக்கு நன்றாகத் தெரியும். எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து டேர் அமுக்கினால் பூஜ்யம் காட்டும். கிண்ணத்தை எடுத்துவிட்டு, மறுநாள் மெஷினைப் போட்டாலும் மைனஸ் 142 கிராம் என்று நிற்கும். "பாருடா, நேத்து வச்ச கிண்ணத்தை இன்னும் மறக்கல" என்று சித்தப்பா பெருமையாகச் சொல்வார்.

அந்தப் பெருமைதான் மெஷினைக் கொன்றது.

எப்படி என்று சொல்ல வேண்டுமானால் ஃபிளாஷ் எப்படி எழுதுகிறது, எப்படி அழிக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம். எனக்கே புரிந்தது.

மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரே சில்லில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். வாஷிங் மெஷின், மோட்டார் டைமர், இன்வெர்ட்டர், எடை மெஷின் எல்லாவற்றிலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் புரோகிராம் கரண்ட் போனாலும் அழியாமல் இருக்கிற இடம்தான் ஃபிளாஷ். நாலு பக்கமும் காப்பிட்ட ஒரு குட்டி அறைக்குள் எலக்ட்ரான்களை அடைத்து வைக்கிறார்கள். அறையில் எலக்ட்ரான் இருந்தால் 0, இல்லாவிட்டால் 1. வழக்கமான சிப்களில் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். கதவே இல்லாத அறை. உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் அதிக மின்னழுத்தம் கொடுத்து, சுமார் 10 நானோமீட்டர் மட்டுமே தடிமன் உள்ள ஆக்சைடு சுவர் வழியாகவே எலக்ட்ரானைக் கடத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுவர் கொஞ்சம் அடி வாங்குகிறது. அடி வாங்கி அடி வாங்கி ஒரு கட்டத்தில் ஓட்டைப் பானை ஆகிவிடும். எழுதினால் நிற்காது. சித்தப்பா மெஷினில் சரிசெய்த அளவு மூணு நாள்கூடத் தங்காததன் காரணம் இதுதான்.

இன்னொரு வினோதம். 1-ஐ 0 ஆக்குவது சுலபம், தேவையான இடத்தில் மட்டும் செய்யலாம். ஆனால் 0-வை மறுபடி 1 ஆக்க வேண்டுமென்றால் அந்த ஒரு பிட்டை மட்டும் தொட முடியாது. அந்தப் பக்கத்தையே மொத்தமாக அழிக்க வேண்டும். எஸ்டிஎம்32 எஃப்103 என்று ஒரு சிப், உலகம் பூரா ஓடுகிறது. அதன் 128 கிலோபைட் வகையில் ஒரு பக்கம் என்பது 1 கிலோபைட். ஒரு எண்ணை மாற்ற நினைத்தால் 1,024 பைட்டையும் அழித்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் திரும்ப எழுத வேண்டும். அழிக்க 20 முதல் 40 மில்லிசெகண்ட். எழுத 16 பிட்டுக்கு சுமார் 50 மைக்ரோசெகண்ட். அழிப்பதற்கும் திரும்ப எழுதுவதற்கும் நடுவில் கரண்ட் போனால் கோவிந்தா.

இப்படி எத்தனை தடவை அழிக்கலாம்? டேட்டாஷீட்டில் பச்சையாகப் போட்டிருக்கிறது. 10,000 தடவை. ஆர்டுயினோ போர்டில் இருக்கிற ஏடிமெகா328பி-யின் ஃபிளாஷுக்கும் அதே 10,000. (அதில் தனியாக 1 கிலோபைட் ஈஈபிராம் உண்டு, அதற்கு 1,00,000.) நம் ஊர் இன்ஜினியரிங் லேப்களில் தலைமுறை தலைமுறையாக உருட்டிய ஏடி89சி51-க்கு வெறும் 1,000.

10,000 என்பது பெரிய எண் மாதிரி தெரியும். புரோகிராம் ஏற்றுவதற்கு அது பெரிய எண்தான். தினம் பத்து தடவை புது புரோகிராம் ஏற்றினாலும் 1,000 நாள் வரும். ஆனால் மனுஷன் கையால் ஏற்றினால்தான் இந்தக் கணக்கு. புரோகிராமே தன் பாட்டுக்கு அழித்து அழித்து எழுத ஆரம்பித்தால்? ஒரு பக்கத்தை அழிக்க 40 மில்லிசெகண்ட் என்றே வையுங்கள். 10,000 தடவைக்கு 400 செகண்ட். ஏழு நிமிஷம்கூட இல்லை. டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு பக்கத்தின் ஆயுள் காலி. புரோகிராம் வைக்கக் கட்டிய அறையில் தினசரிக் கணக்கு எழுத ஆரம்பித்ததில் வந்த வினை இது.

சித்தப்பா மெஷினுக்கு வருவோம். அதன் சிப்பில் தனி ஈஈபிராம் கிடையாது, பக்கத்தில் வேறு மெமரி சிப்பும் கிடையாது என்று அண்ணன் காட்டினார். இருப்பது ஃபிளாஷ் மட்டும். ஆக டேர் அமுக்கும்போதெல்லாம் மெஷின் ஒரு பக்கத்தை அழித்து எழுதியிருக்கிறது. அதே பக்கத்தில்தான் அளவு சரிசெய்த எண்ணும் இருந்திருக்கிறது. அதனால்தான் இரண்டும் ஒன்றாகக் கெட்டன. கடையில் கிண்ணம், பாத்திரம், எண்ணெய் டின் என்று ஒரு நாளைக்கு 40 தடவையாவது டேர் அமுக்குவார்கள். 10,000-ஐ 40-ஆல் வகுத்தால் 250. அதாவது சிப் கம்பெனி கொடுத்த உத்தரவாதம் 250 நாளில் முடிந்தது. அதன் பிறகு மெஷின் ஓடியதெல்லாம் புண்ணியத்தில் ஓடியது.

எங்கள் பாஷையில் சொல்கிறேன். போர்டு 2,600 ரூபாய். ஆயுள் 10,000 அழிப்பு. உற்பத்தி அலகு முறையில் தேய்மானம் போட்டால், டேர் பட்டனை ஒரு தடவை அமுக்க 26 பைசா. ஒரு நாளைக்கு 10 ரூபாய் 40 பைசா. கடலை மிட்டாய் விற்றால் ஒன்றுக்கு இவ்வளவு லாபம் நிற்குமா என்று சித்தப்பாவைக் கேட்க வேண்டும். இந்த 26 பைசா செலவு யார் முடிவு? அந்தப் புரோகிராமை எழுதியவரின் முடிவு. யார் கணக்கில் பற்று? அண்ணாச்சி கணக்கில். அண்ணாச்சிக்குத் தெரியுமா? தெரியாது. கிண்ணத்தின் எடையை ராத்திரி பூரா ஞாபகம் வைத்திரு என்று அவர் கேட்டாரா? அதுவும் இல்லை. ஒரு வவுச்சர்கூட இல்லாமல் இன்னொருத்தன் முதலை எடுத்துச் செலவழிப்பதற்கு எங்கள் பாடத்தில் வேறு பெயர் உண்டு.

சரி, ஃபிளாஷின் இயல்பே அப்படி, அவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. செய்ய முடியும். மிகச் சுலபமாக. ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல்.

கணக்குப் பதிவியல் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது என்ன? குறிப்பேட்டில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்காதே, ஒயிட்னர் பூசாதே, பக்கத்தைக் கிழிக்காதே. கீழே ஒரு திருத்தப் பதிவு போடு. கடைசியாக இருப்பதுதான் செல்லும். இந்த ஒழுக்கத்தை அரசாங்கமே சட்டமாக்கியிருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்திய கம்பெனிகள் உபயோகிக்கிற கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு தானே பதிவு செய்துகொள்ள வேண்டும், அந்த வசதியை அணைத்து வைக்க முடியாதபடி இருக்க வேண்டும்.

ஃபிளாஷும் அச்சு அசலாக ஒரு குறிப்பேடு. வெறும் பக்கத்தில் அடுத்த வரி எழுதுவதற்கு எதையும் அழிக்க வேண்டாம். 1 கிலோபைட் பக்கத்தில் ஒரு பதிவுக்கு 8 பைட் என்று வைத்தால் 128 வரி. (4 பைட் எடைக்கு, மிச்சம் 4 வரிசை எண்ணுக்கும் சரிபார்ப்புக்கும். தாராளம்.) டேர் அமுக்கினால் அடுத்த வரியில் எழுது. மெஷின் எழுந்ததும் கடைசி வரியைப் படி. 128 வரியும் நிரம்பின பிறகு ஒரு தடவை அழி. இப்போது கணக்கைப் போடுங்கள். 10,000 × 128 = 12,80,000 டேர். தினம் 40 என்றால் 32,000 நாள். 87 வருஷம். அதே சிப். அதே விலை. அதே வசதி. 250 நாள் எங்கே, 87 வருஷம் எங்கே! ஒரு டேருக்கு 26 பைசா போய் 0.2 பைசா. இரண்டு பக்கத்தை மாற்றி மாற்றி உபயோகித்தால் ஆயுள் இன்னும் இரட்டிப்பு, நடுவில் கரண்ட் போனாலும் பழைய பக்கம் பத்திரமாக இருக்கும். அளவு சரிசெய்த எண்ணை வேறு பக்கத்தில் வைத்துவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை போடும்போது மாற்றினால் போதும்.

இது என்னவோ நான் ராத்திரி தூங்காமல் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. சிப் கம்பெனிகளே சும்மா கொடுக்கிற குறிப்புகளில் இருக்கிறது. மேலே சொன்ன எஸ்டிஎம்32-க்கு ஏஎன்2594 என்று ஒரு குறிப்பு, இரண்டு பக்கத்தை மாற்றி மாற்றி ஈஈபிராம் மாதிரி உபயோகிப்பது எப்படி என்று உதாரண நிரலோடு. அட்மெல் கம்பெனி ஏவிஆர்101 என்று இன்னொன்று கொடுத்தது, எழுதுகிற இடத்தைச் சுற்றிச் சுற்றி மாற்றித் தேய்மானத்தைப் பரப்புவது பற்றி. படிக்க ஒரு மத்தியானம் போதும். படிக்காமல் விட்டவர்களின் அந்த மத்தியானத்துக்குத்தான் சித்தப்பா 2,600 ரூபாய் கொடுத்தார்.

"சின்ன கம்பெனி, ஆள் இல்லை, அவசரத்தில் எழுதியிருப்பார்கள்" என்று பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. பெரிய கம்பெனி மட்டும் என்ன வாழ்ந்தது? டெஸ்லா கதை தெரியும்தானே. 2012 முதல் 2018 வரை வந்த மாடல் எஸ், 2016 முதல் 2018 வரை வந்த மாடல் எக்ஸ் கார்களில் நடுவில் இருக்கிற பெரிய திரையை ஓட்டும் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ஃபிளாஷ். (இது மைக்ரோகன்ட்ரோலருக்குள் இருக்கிற ஃபிளாஷ் இல்லை, தனியாக ஒட்டுகிற வகை. ஆனால் தேய்கிற விதம் ஒன்றுதான்.) ஒவ்வொரு பிளாக்கும் 3,000 அழிப்பு தாங்கும், சராசரியாக நாளுக்கு 1.4 அழிப்பு. வகுத்துப் பாருங்கள், ஆறு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. கார் பாட்டுக்கு லாக் எழுதி எழுதி, மெமரி தேய்ந்து, திரை செத்து, பின்பக்கக் கேமராவும் போய், கண்ணாடியில் பனி நீக்குகிற வசதியும் போனது. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் என்ஹெச்டிஎஸ்ஏ 2021 ஜனவரியில் சுமார் 1,58,000 கார்களைத் திரும்ப அழைக்கச் சொன்னது. அடுத்த மாசம் டெஸ்லா சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க ஒத்துக்கொண்டது.

ஒத்துக்கொள்ளும்போது அவர்கள் வைத்த வாதம்தான் சுவாரஸ்யம். இது தேய்கிற பாகம், காரின் முழு ஆயுளுக்கும் உழைக்கும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்கிற ரீதியில் போனது அது. பிரேக் கட்டை தேய்வதில்லையா, டயர் தேய்வதில்லையா என்று இங்கேயும் கேட்பார்கள்.

தேயட்டும் சாமி. தேய்கிற பொருளை விற்பது தப்பு என்று எந்தக் காமர்ஸ்காரனும் சொல்ல மாட்டான். எல்லாமே தேயும், அதற்குத்தானே ஷெட்யூல் II போட்டு கம்ப்யூட்டருக்கு 3 வருஷம், சர்வருக்கு 6 வருஷம் என்று ஆயுள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். டயரின் பள்ளத்துக்குள்ளேயே தேய்மான அடையாளம் வார்த்து வைத்திருப்பான். எந்தப் பஞ்சர் கடைக்காரரும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். கடைக்குப் போனால் புது டயர் கிடைக்கும், நாலு கம்பெனியில் விலை விசாரிக்கலாம். முக்கியமாக, கார் நின்றுகொண்டிருக்கும்போது டயர்க் கம்பெனிக்காரன் ராத்திரி வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க மாட்டான். ஃபிளாஷ் விஷயத்தில் தேய்ப்பதும் அவனே, மறைப்பதும் அவனே, மாற்றுப் போர்டு விற்பதும் அவனே.

இன்னொரு வாதம், 10,000 என்பது குறைந்தபட்சம்தான், நிஜத்தில் அதைவிட ரொம்பத் தாங்கும் என்பது. உண்மைதான். சாதாரண வெப்பத்தில் பல மடங்குகூடத் தாங்கலாம். சித்தப்பா மெஷினே 16,000-க்கு மேல் தாங்கியிருக்கிறது. ஆனால் தேயத் தேய, எழுதியதை ஞாபகம் வைத்திருக்கிற காலமும் குறையும், வெப்பம் ஏறினாலும் குறையும். அதே எஸ்டிஎம்32 டேட்டாஷீட்டில் 1,000 தடவை அழித்த பிறகு 85 டிகிரியில் 30 வருஷம் என்று போட்டவர்கள், 10,000 தடவை அழித்த பிறகு 55 டிகிரியிலேயே 20 வருஷம்தான் என்று இறங்கி வருகிறார்கள். அது மட்டும் இல்லை. நிஜத்தில் ரொம்பத் தாங்கும் என்று உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால் வாரண்டியை ஏன் ஒரு வருஷத்தோடு நிறுத்துகிறீர்கள்? மணிக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் அழித்து எழுதுகிற கருவிக்கு 10,000 அழிப்பு என்பது 416 நாள். வாரண்டி 365. யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டமே போடாமல் இவ்வளவு சரியாக லாபம் வருகிற வியாபாரத்தை யார் சரிசெய்யப் போகிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்து பூட்டு. அண்ணன் அந்த போர்டைக் காப்பாற்ற நினைத்தார். சிப் என்ன நூறு, இருநூறு ரூபாய்க்குள் வரும், புது சிப் போட்டு அதே புரோகிராமை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் பழைய சிப்பில் இருந்து புரோகிராமைப் படிக்க முடியாது. பூட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டைத் திறக்கச் சொன்னால் சிப் திறக்கும், ஆனால் திறக்கிற அதே நேரத்தில் மொத்த ஃபிளாஷையும் துடைத்துவிடும். அப்படித்தான் வடிவமைப்பு. திருடன் வந்தால் பணப்பெட்டி தானே எரிந்துவிடுகிற மாதிரி.

இதில் நான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். எடை மெஷினுக்குப் பூட்டு வேண்டும். வேண்டவே வேண்டும். 2017 ஏப்ரலில் லக்னோ பெட்ரோல் பங்க்குகளில் சிப் வைத்து அளவு குறைத்ததை உத்தரப்பிரதேச போலீஸின் சிறப்புப் படை கண்டுபிடித்தது. யார் வேண்டுமானாலும் தராசின் புரோகிராமை மாற்றலாம் என்றால் முத்திரைக்கு அர்த்தமே இல்லை. (எங்கள் தெருவிலேயே இரண்டு மூணு பேர் முதல் நாளே மாற்றிவிடுவார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.) ஆனால் புரோகிராமைப் பூட்டுவது வேறு, எத்தனை தடவை அழித்தாய் என்கிற எண்ணைக்கூடக் காட்டாமல் இருப்பது வேறு. அந்த எண்ணைக் காட்டுவதால் எந்த ரகசியமும் வெளியே போகாது, எந்தத் தராசும் ஏமாற்றாது. லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரருக்கு சிப்பை மட்டும் புரோகிராமோடு விற்கலாம். 2,600 ரூபாய்க்கு முழு போர்டுதான் என்று அடம் பிடிக்க வேண்டியதில்லை.

முடியாது என்பார்கள். கம்ப்யூட்டருக்கு வாங்குகிற எஸ்எஸ்டி-யைப் பாருங்கள். அதுவும் ஃபிளாஷ்தான். மொத்தம் இத்தனை டெராபைட் எழுதலாம் என்று டிபிடபிள்யூ கணக்கை அவர்களே அறிவிக்கிறார்கள். வாரண்டியே இத்தனை வருஷம் அல்லது இத்தனை டெராபைட், எது முதலில் வருகிறதோ அது என்றுதான் பெரும்பாலும் வருகிறது. ஒரு சின்ன மென்பொருள் போட்டால் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏன் அங்கே மட்டும்? வாங்குகிறவன் கேட்டான், போட்டிக் கம்பெனி காட்டியது, அதனால் எல்லோரும் காட்டினார்கள். மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் தோட்டத்தில் மோட்டார் டைமர் மாட்டுகிற விவசாயிக்கும் கேட்கத் தெரியாது. எனவே காட்ட மாட்டார்கள்.

2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. வடிவமைப்பில் குறை இருந்தாலும், சரியாக உபயோகிக்கப் போதுமான விளக்கமோ எச்சரிக்கையோ கொடுக்காவிட்டாலும் தயாரிப்பாளர் பொறுப்பு. "டேர் பட்டனை 10,000 தடவைக்கு மேல் அமுக்கினால் மெஷின் எடையை மறக்கும்" என்பதைவிட ஒரு எச்சரிக்கை என்ன வேண்டும்? அந்த ஒரு வரியை அட்டைப்பெட்டியில் அச்சடித்துப் பார்க்கட்டும். அச்சடித்த மறுநாளே அவர்களின் இன்ஜினியர் ஏஎன்2594-ஐ உட்கார்ந்து படிப்பார். ஃப்ரிட்ஜுக்கு நட்சத்திரம் ஒட்டச் சொன்ன நாடுதானே இது. பெட்டி மேல் இரண்டு எண் போதும் எனக்கு. மெமரி எத்தனை அழிப்பு தாங்கும், சாதாரண உபயோகத்தில் நாளுக்கு எத்தனை அழிப்பு ஆகும். மிச்சத்தை நாங்கள் வகுத்துக்கொள்கிறோம். அதற்குத்தானே படிக்கிறோம்.

இடையில் ஒரு கிளைக்கதை. ஃபிளாஷுக்கு ஏன் அந்தப் பெயர் தெரியுமா? 1980-களில் தோஷிபாவில் இதை உருவாக்கியவர் ஃபுஜியோ மசுவோகா. மொத்தத்தையும் ஒரே அடியில் அழிப்பது கேமரா ஃபிளாஷ் அடிப்பது மாதிரி இருக்கிறதே என்று கூட வேலை பார்த்த ஷோஜி அரிசுமி வைத்த பெயர் அது. அதற்கு முன்னால் இருந்த ஈபிராமில் சிப்பின் முதுகில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும், புற ஊதா விளக்கின் கீழ் நிமிஷக் கணக்கில் காய வைத்தால்தான் அழியும். மசுவோகா தனக்குச் சேர வேண்டிய பங்கு வரவில்லை என்று 2004-ல் பழைய கம்பெனி மேலேயே வழக்குப் போட்டு, 2006-ல் 8.7 கோடி யென்னுக்கு சமரசம் ஆனார். கண்டுபிடித்தவருக்கே கணக்கு ஒழுங்காக வரவில்லை, அண்ணாச்சிக்கு வருமா என்று தோன்றியது, அதனால் சொன்னேன்.

யோசித்துப் பார்த்தால் ஈபிராம் காலத்தில் இந்தத் தொல்லையே வந்திருக்காது. ஜன்னலைத் திறந்து விளக்கில் காட்டி அழிக்க வேண்டுமென்றால் டேர் அமுக்கும்போதெல்லாம் எவன் அழிப்பான்? அழிப்பது கஷ்டமாக இருந்தவரை யோசித்து அழித்தார்கள். இப்போது இரண்டு வரி நிரலில் அழிக்கலாம். அந்த இரண்டு வரி எழுதுகிற ஆளுக்குக் காசு போவதில்லை.

புது போர்டு மாட்டி, முத்திரை போட்டு, மெஷின் கடைக்குத் திரும்பி வந்த அன்று முதல் வேலையாக அந்தச் சோதனையைச் செய்தேன். கிண்ணத்தை வைத்தேன், டேர் அமுக்கினேன், கிண்ணத்தை எடுத்தேன், சுவிட்சை அணைத்தேன், பேட்டரி வயரையும் கழற்றினேன். ஒரு நிமிஷம் கழித்து மாட்டிப் போட்டால், மைனஸ் 142. அதே புரோகிராம். ஒரு எழுத்து மாற்றவில்லை. மறுபடி 250 நாள் கணக்கு ஆரம்பம்.

சித்தப்பாவிடம், "இனிமே டேர் அமுக்காதீங்க சித்தப்பா. கிண்ணம் 142 கிராம், நீங்களே மனசுல கழிச்சுக்கோங்க" என்றேன்.

"கழிக்கிறதுக்கு நான் இருந்தா மெஷின் எதுக்குடா?" என்றார்.